டேவ் தாமஸ்: பக்கத்து மேஜையைப் பார்த்துச் சாப்பிட்ட பையன்

கோவையில் சில சின்ன ஹோட்டல்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அதனால் ஹோட்டல் முதலாளி யாருடைய கதை கிடைத்தாலும் கல்லாப் பக்கமிருந்துதான் படிப்பேன். கடன் எவ்வளவு, பங்கு யாருக்கு, மிஞ்சின சரக்கை என்ன செய்தார்கள் என்று கண் போகும். அப்படிப் படித்ததில் மனசுக்குப் பிடித்துப்போனவர் அமெரிக்காவில் வெண்டீஸ் பர்கர் கடைகளைத் தொடங்கிய டேவ் தாமஸ்.

1932-ல் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தவர். ஆறு வாரக் குழந்தையாக இருக்கும்போதே மிஷிகன் மாநிலத்துக் கலமசூ ஊர்த் தம்பதி தத்தெடுத்துக்கொண்டார்கள். ஐந்து வயதில் வளர்ப்புத் தாய் தவறிவிட்டார். அப்பா வேலைக்காக ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தவர். அடுப்பு நிலையாக எரியாத வீடு. பெரும்பாலும் கடைச் சாப்பாடுதான். பக்கத்து மேஜைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து, எட்டு வயதிலேயே தானும் ஒரு கடை வைப்பது என்று முடிவு செய்துவிட்டாராம்.

பெரிய முதலாளிகள் பின்னாளில் சொல்லும் இந்த மாதிரிச் சின்ன வயதுக் கதைகளை நான் பாதிதான் நம்புவேன். இவர் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாக நம்பத் தோன்றுகிறது. கலமசூவில் கியூபி என்றொரு பர்கர் கடை இருந்தது. அங்கே பன்னுக்குள் வைக்கும் கறி வில்லை சதுரமாக இருக்கும். பல வருஷம் கழித்து இவர் சொந்தக் கடை போட்டபோது அங்கேயும் சதுர வில்லைதான். நாலு மூலையும் பன்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கறி எவ்வளவு என்று வாங்குகிறவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

12 வயதில் நாக்ஸ்வில் நகரத்து ஓட்டலில் வேலை. 15 வயதில் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னில் ஹாபி ஹவுஸ் உணவகம். அப்பா மறுபடியும் ஊர் மாறியபோது இவர் கூடப் போகவில்லை. விடுதியில் அறை எடுத்துத் தங்கி, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் சமையலறைக்குப் போய்விட்டார். அப்புறம் ராணுவம், அங்கேயும் சமையல்தான்.

எனக்கு சுவாரசியமான இடம் 1962. ஹாபி ஹவுஸ் முதலாளி ஃபில் கிளாஸ், கேஎஃப்சி கோழி வறுவலைத் தொடங்கிய கர்னல் சாண்டர்ஸிடம் உரிமம் வாங்கி ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் நான்கு கோழிக் கடைகள் நடத்திக்கொண்டிருந்தார். நான்கும் நஷ்டம். அதை நிமிர்த்திக் கொடுத்தால் உனக்கும் பங்கு என்று தாமஸை அனுப்பினார். இவர் போய் முதலில் கை வைத்தது மெனுவில். கண்டதையும் சமைப்பதை நிறுத்தி, கோழியையும் அதோடு சேர்ந்த சிலதையும் மட்டும் வைத்துக்கொண்டார். கடை வாசலில், கோழி போட்டுக் கொடுக்கும் வாளி மாதிரியே செய்து சுற்றவிட்ட பெரிய பெயர்ப்பலகை இவர் யோசனை என்கிறார்கள். விளம்பரத்தில் நீங்களே முகம் காட்டுங்கள் என்று கர்னலிடம் சொன்னவரும் இவர்தானாம். 1968-ல் பங்கை விற்றபோது கைக்கு வந்தது சுமார் 15 லட்சம் டாலர்.

(எனக்குத் தெரிந்த முதலாளி ஒருவரிடம் போர்டில் உள்ள ஐட்டத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன். “வர்றவன் கேட்டா இல்லைன்னு எப்படிச் சொல்றது?” என்றார். தினமும் பாதிக்கு இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

1969 நவம்பர் 15 அன்று கொலம்பஸில் முதல் வெண்டீஸ். மெனு சின்னது: பர்கர், சில்லி, உருளை வறுவல், குளிர்பானம், ஃப்ராஸ்டி என்கிற கெட்டியான ஐஸ்கிரீம் மாதிரி ஒன்று. சில்லி என்பது கறியும் பீன்ஸும் சேர்ந்த காரக் குழம்பு. ஆர்டர் வருமுன்பே கல்லில் போட்டு வெந்து, விற்காமல் கடினமாகிப்போன வில்லைகள் அதில்தான் போகும். நம் ஊர் இட்லி உப்புமா கணக்குதான். பர்கர் எப்போதும் சுடச்சுட இருக்க வேண்டும், கறியும் வீணாகக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அண்டா. இந்தக் கணக்கு இல்லாவிட்டால் ‘புதிது’ என்கிற பெருமை கட்டுப்படியாகி இருக்காது என்பது என் கட்சி.

கடைக்குள்ளே வளைமர நாற்காலி, கண்ணாடி விளக்கு, தரைக்கு கம்பளம். உட்கார்ந்து சாப்பிடச் சொல்லும் ஏற்பாடு. அதே சமயம் 1970-ல் திறந்த இரண்டாம் கடையில் காரில் இருந்தபடியே வாங்க ஜன்னல் வைத்து, அதற்கென்று தனி அடுப்பும் போட்டார். மெக்டொனால்ட்ஸ் காருக்கு ஜன்னல் திறந்தது 1975-ல்தான்.

1989 முதல் தானே விளம்பரங்களில் நடித்தார். அரைக்கைச் சட்டை, சிவப்பு டை, பெரிய நடிப்பெல்லாம் கிடையாது. எண்ணூறுக்கும் மேல் எடுத்தார்கள். 1992-ல் தத்தெடுப்புக்காக ஓர் அறக்கட்டளை. படிக்காமலே ஜெயித்தவர் என்று தன்னைக் காட்டிப் பிள்ளைகள் பள்ளியை விட்டுவிடுவார்களோ என்ற கவலையில், 1993-ல் பள்ளிப் படிப்புக்கு நிகரான தேர்வை எழுதி முடித்தார். 2002 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார்.

வெண்டி அவருடைய மகளின் செல்லப்பெயர். நிஜப்பெயர் மெலிண்டா லூ. அந்தப் பெயரைப் பலகையில் ஏற்றியதற்காக அப்பா தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், என் பெயரையே வைத்திருக்கலாம், உனக்கு இத்தனை பாரம் வந்திருக்காது என்று சொன்னதாகவும் மகளே சொல்லியிருக்கிறார். அவ்வளவு கணக்குப் பார்த்தவர், இதை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறார். மகளும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் அப்பா நின்ற இடத்தில், வெண்டீஸ் விளம்பரங்களில் வந்து நின்றார்.