அறுபது சொல்லில் ஒரு ஆசிரியர் குறிப்பு

பதிப்பகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. ஆசிரியர் குறிப்பு எழுதுவதும் என் தலையில்தான் விழும். சில வருடங்களுக்கு முன் நோபல் பரிசு பெற்றவர்களின் கதைகளை ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் எழுதியவரைப் பற்றி அறுபது சொல். அதில் நார்வே எழுத்தாளர் க்னுட் ஹாம்சனும் இருந்தார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' கல்லூரி நாட்களில் படித்தது. ஆளில்லாத காட்டுக்குள் ஒருவன் தனியாக நடந்து வந்து, நிலம் திருத்திக் குடியேறுகிற கதை. 1917இல் நார்வேயில் வெளிவந்தது; 1920இல் ஹாம்சனுக்கு நோபல் கிடைத்தது. 1890இல் வந்த 'பசி' அதைவிடப் பெரிய பாய்ச்சல். பட்டினி கிடப்பவனின் மனம் போகிற போக்கை அப்படியே பிடித்த நாவல் அது.

இதைச் சொல்லவே நாற்பது சொல் போய்விட்டது. மீதியில் மூன்று வாக்கியங்கள் எழுதினேன்: 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது ஹிட்லரை ஆதரித்தார். 1943இல் தன் நோபல் பதக்கத்தை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு அனுப்பினார். ஹிட்லர் இறந்ததும் புகழஞ்சலி எழுதினார்.

புரூஃப் திரும்பி வந்தபோது அந்த மூன்றின் மேலும் நீல மையில் குறுக்குக் கோடு. ஓரத்தில், "கதை படிக்க வருகிறவர்களுக்கு இது எதற்கு?" என்று எழுதியிருந்தது.

உள்ளே போய்ப் பேசினேன். கிழவர் ஏதோ தடுமாறிவிட்டார், விடுங்கள் என்றார் பொறுப்பாசிரியர். எனக்கு மனசு ஆறவில்லை. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று தன் நாட்டுப் பையன்களுக்குப் பத்திரிகையில் எழுதியவர் ஹாம்சன். அந்த அஞ்சலி ஆஃப்டன்போஸ்டன் நாளிதழில் வந்தது 1945 மே 7 அன்று. மறுநாள் நார்வேயில் ஜெர்மன் படை சரணடைந்தது. அதை எழுதி அவருக்கு ஒரு காசு லாபம் கிடையாது. மனப்பூர்வமாகத்தான் எழுதினார்.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1943 ஜூனில், காது சரியாகக் கேட்காத 83 வயதில், ஹிட்லரை நேரில் பார்த்தார். நார்வேயை அடக்கி ஆண்ட ஜெர்மன் ஆணையர் டெர்போவனை நீக்கச் சொல்லி வாதாடினார். ஹிட்லர் கொதித்துப்போனாராம். போருக்குப் பிறகு, மனத்திறன் நிரந்தரமாகக் குன்றியவர் என்று மருத்துவர்கள் சொன்னதால் தேசத்துரோக வழக்கு கைவிடப்பட்டது. சிவில் வழக்கில் மட்டும் 3,25,000 குரோனர் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் 1949இல், 90 வயதில், வழக்கில் சிக்கியிருந்த அந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். புத்தி மங்கியவர் எழுதக்கூடிய உரைநடை இல்லை அது. வருத்தமும் அதில் இல்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. 'நிலவளத்தில்' நான் கொண்டாடிய அந்த மண் பாசம், நகரத்தின் மேல் உள்ள வெறுப்பு, இவையே நாஜிகளுக்கும் பிடித்திருந்தன. அப்புறம் நாவலைத் திரும்ப எடுத்துப் படித்தேன். காடு திருத்துகிற பக்கங்கள் இன்றும் அழகாகத்தான் இருக்கின்றன. இரண்டையும் தெரிந்துகொண்டு படிக்க வாசகனுக்கு முடியும் என்று நம்புகிறேன்.

கடைசியில் பதக்கத்தைப் பற்றிய வாக்கியம் மட்டும் தப்பியது. நூல் வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு வாசகர் போன் செய்தார். "பதக்கத்தை ஏங்க கொடுத்தார்?" என்றுதான் ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினோம். மறுநாள், மற்ற இரண்டு வாக்கியங்களையும் அடுத்த பதிப்பில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன்.