‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் தானாகப் பதில் எழுதும் எங்கள் சாட்பாட்டின் (சுருக்கமாக ‘பாட்’) டாஷ்போர்டில் எல்லோருக்கும் பிடித்த எண் ஒன்று இருந்தது. மேல் மூலையில், பெரிய எழுத்தில், பச்சை நிறத்தில். கன்டெயின்மென்ட் ரேட் என்பார்கள். உதவி கேட்டு வந்த நூறு பேரில் எத்தனை பேர் மனித ஊழியரிடம் போகாமல் பாட்டோடு பேசிவிட்டே கிளம்பினார்கள் என்பதுதான் அது. மாதக் கூட்டத்தில் முதல் ஸ்லைடே அதுதான், ஏறியிருந்தால் கைதட்டல், கொஞ்சம் இறங்கியிருந்தால் ‘என்ன ஆச்சு?’ என்று மெயில். வாராவாரம் அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு வருடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவர் டேட்டா டீமில் யாரும் இல்லை. கால் சென்டரில் இருந்த ஒரு டீம் லீட், எல்லோருக்கும் அக்கா. லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது கேட்டார்: “தம்பி, உங்க பாட்கிட்ட பேசிட்டுத்தான் பாதிப் பேர் எங்களுக்கு போன் பண்றாங்க. எடுக்கும்போதே கோபத்துல இருக்காங்க. அதெல்லாம் உங்க கணக்குல வருதா?”

வரவில்லை. சாட் லாக், அதாவது உரையாடல்களின் பதிவு, ஒரு இடத்தில் இருந்தது, போன் லாக் இன்னொரு இடத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. “பார்க்கிறேன் அக்கா” என்றேன். மூன்று வாரம் பார்க்கவும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் வேறு எதற்கோ லாகைத் திறந்தபோது ஓர் உரையாடல் கண்ணில் பட்டது. ஏறக்குறைய இப்படி:

“பணம் இன்னும் திரும்ப வரல.”
“பொருளைத் திருப்பி அனுப்ப, உங்கள் ஆர்டர் பக்கத்துக்குச் செல்லவும்.”
“அனுப்பிட்டேன். பணம்தான் வரல.”
“பொருளைத் திருப்பி அனுப்ப, உங்கள் ஆர்டர் பக்கத்துக்குச் செல்லவும்.”
“பொருள் போயிடுச்சுங்க. பணம். பணம் எப்ப வரும்?”
“பொருளைத் திருப்பி அனுப்ப, உங்கள் ஆர்டர் பக்கத்துக்குச் செல்லவும். இந்தத் தகவல் உதவியாக இருந்ததா?”
“சரி.”

அந்தச் ‘சரி’யைப் பாட் ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டது. ஆமா, ஓகே, யெஸ், சரி எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன, அந்தப் பட்டியலைத் தயாரித்ததே நான்தான். உரையாடலுக்கு ‘தீர்வு கிடைத்தது’ என்று முத்திரை விழுந்து, அந்த வாரத்துப் பச்சை எண்ணோடு சேர்ந்துவிட்டது. தமிழ் பேசுகிற யாரிடம் காட்டினாலும் அது எந்தச் ‘சரி’ என்று சொல்லிவிடுவார்கள். ‘உன்னிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை, நான் வருகிறேன்’ என்கிற சரி. பேச்சின் நடுவில் ஒருவர் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனால், பிரச்சினை தீர்ந்தது என்றா நினைப்போம்?

அன்றைக்குத்தான் அக்கா சொன்னதைக் கையில் எடுத்தேன். சாட்டையும் போனையும் ஆர்டர் எண்ணை வைத்து இணைத்தேன். பாட்டோடு பேசி முடித்தவர் 24 மணி நேரத்துக்குள் போன் செய்தாரா, மெயில் போட்டாரா, மறுபடி சாட்டுக்கே வந்தாரா, இவ்வளவுதான் கேள்வி. பெரிய கணிதம் ஒன்றும் கிடையாது, இரண்டு அட்டவணையைச் சேர்க்கிற வேலை. ஆனால் அதைச் செய்ததும் ‘வெற்றி’ என்று எண்ணி வைத்திருந்ததில் ஒரு பெரிய துண்டு கழன்று விழுந்தது. பாட்டிடம் தீர்வு கண்டு போனவரும் வெறுத்துப்போய் சாட் ஜன்னலை மூடியவரும் அதுவரை ஒரே கணக்கில்தான் இருந்தார்கள். ஊழியரிடம் போகவில்லை என்பது மட்டும்தானே நிபந்தனை, இருவருமே போகவில்லை.

இன்னொரு கோளாறும் அப்போதுதான் தெரிந்தது. யாராவது 30 நிமிடம் ஒன்றும் எழுதாமல் இருந்தால் எங்கள் கருவி அந்த உரையாடலை முடித்துவிட்டு, அடுத்த வரியைப் புதிய உரையாடலாக எண்ணும். இணையதளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸிலும் ஒரு செஷனுக்கு, அதாவது ஒரு வருகைக்கு, இதே 30 நிமிடம்தான் வழக்கம். இணையப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் ‘உங்கள் ஆர்டர் எண்ணைக் கொடுங்கள்’ என்று பாட் கேட்டு, அவர் பழைய மெயிலில் அதைத் தேடி, நடுவில் வேறு வேலை வந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால்? ஒருவருடைய ஒரே தொல்லை மூன்று உரையாடலாகும். முதல் இரண்டிலும் ஊழியரிடம் போகவில்லை என்பதால் இரண்டும் வெற்றி. கடுப்பில் மூன்றாவதில் ஊழியரைக் கேட்டால் அது மட்டும் தோல்வி. மூன்றில் இரண்டு வெற்றி! அதன் பிறகு உரையாடலை விட்டுவிட்டு ஆட்களை எண்ண ஆரம்பித்தோம். ஓர் ஆள், ஒரு பிரச்சினை, அது என்னவாயிற்று என்று.

மேலே உள்ள உரையாடலில் பாட் ஏன் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னது என்பது தனிக்கதை. குற்றவாளி ‘திரும்ப’ என்ற சொல். ‘பொருளைத் திரும்ப அனுப்பணும்’ என்றால் ரிட்டர்ன். ‘பணம் திரும்ப வரல’ என்றால் ரீஃபண்ட். ‘திரும்ப அதே ஆர்டர் போடணும்’ என்றால் மறுபடி வாங்குவது. ‘திரும்பவும் அதே பிரச்சினை’ என்றால் புகார். பாட்டுக்குக் கற்றுத்தர நாங்கள் கொடுத்திருந்த பயிற்சி வாக்கியங்களில் ரிட்டர்ன் பக்கம்தான் ‘திரும்ப’ குவிந்து கிடந்தது, அதனால் அந்தச் சொல் வந்தாலே பாட் ரிட்டர்ன் பக்கம் சாய்ந்தது. தாய்மொழியை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் இன்னும் பாவம், ஒருவர் ஒரு விதமாக எழுதினால் அடுத்தவர் வேறு விதமாக எழுதுவார், எங்களிடம் இருந்ததோ ஒரே விதம். எது எதுவாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று கட்டம் போட்டுப் பார்த்தபோது ரிட்டர்ன், ரீஃபண்ட் இரண்டும் சந்திக்கிற கட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மாடலை மாற்றவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. லாகிலிருந்து மக்கள் நிஜமாக எழுதிய வாக்கியங்களை எடுத்துப் பிரித்துக் கொடுத்தோம், அதுவே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. நாங்கள் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்த வாக்கியங்களில் ‘தயவுசெய்து’ நிறைய இருந்தது. நிஜ லாகில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

என் பெரிய தப்பு ஒன்றையும் சொல்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாட் தன் ஊகம் எவ்வளவு உறுதி என்று 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு மதிப்பெண் போடும். அது குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே போனால் ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்று சொல்லும். இந்த ‘புரியவில்லை’ அதிகமாக இருக்கிறது, குறையுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. வரம்பை 0.7-லிருந்து 0.4-க்கு இறக்கினேன். ஒரே நாளில் ‘புரியவில்லை’ சரிந்தது, பாராட்டும் வந்தது. நடந்தது என்னவென்றால், புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்த பாட் இப்போது தெரிந்த மாதிரி தப்பான பதில் சொல்ல ஆரம்பித்தது. ‘புரியவில்லை’ என்றாலாவது மனிதர் வேறு மாதிரி எழுதிப் பார்ப்பார், தப்பான பதிலை நம்பிப் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அளவுகோலையே இலக்காக்கினால் அளவுகோல் கெட்டுவிடும் என்பார்களே, பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கை பற்றி எழுதியதிலிருந்து கிளம்பிய கருத்து அது. படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். செய்யும்போது ஞாபகம் வரவில்லை.

நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி வரை இருந்தவர்களிடம் மட்டும் கேட்கப்பட்டது, பாதியில் போனவர்கள் அந்தக் கேள்வியைப் பார்க்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் இரண்டு கட்டைவிரல் இருக்கிறது, அவ்வளவுதான்.

எண்களைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது படிப்பதுதான். தினமும் காலையில் இருபது உரையாடல், குலுக்கல் முறையில். சுவாரசியமானதைப் பொறுக்கக் கூடாது, நீளமானதை மட்டும் எடுக்கக் கூடாது, வருவது வரட்டும். படிக்கும் முன் தனிப்பட்ட விவரங்களை மறைத்தாக வேண்டும், ஏனென்றால் யாரும் கேட்காமலேயே கார்டு எண்ணை முழுசாகத் தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 16 இலக்கம் இருந்தால் மறைத்துவிடு என்று விதி எழுதினேன். எங்கள் ஆர்டர் எண்ணும் 16 இலக்கம்! இரண்டு நாள் எந்தச் சாட்டையும் எந்தப் போனோடும் இணைக்க முடியாமல் முழித்தோம். கார்டு எண்களில் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படுவது, லூன் முறை என்று பெயர், எந்த ஒழுங்கும் இல்லாமல் எடுத்த எண்களில் பத்தில் ஒன்றுதான் அதில் தேறும். அந்தச் சோதனையையும் விதியில் சேர்த்த பிறகு பெரும்பாலான ஆர்டர் எண்கள் பிழைத்தன.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் எங்கள் பாட்டையும் அது போன்ற பெரிய மொழி மாடலுக்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். ‘திரும்ப’ தொல்லை ஏறக்குறைய போயே போய்விட்டது. கூடவே ‘புரியவில்லை’ என்ற எண்ணும் செத்துப்போனது, புது மாடல் எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது, அதுவும் அழகான பதில். நான் வரம்பை இறக்கிச் செய்த தப்பு இன்னும் நல்ல இலக்கணத்தில் திரும்பி வந்த மாதிரி இருந்தது. 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பு வந்தது. உறவினர் இறந்ததற்காகப் பயணம் செய்கிறவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணியிடம் தப்பாகச் சொல்லியிருந்தது. சாட்பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொல்லி, 650 கனடிய டாலர் அளவில் இழப்பீடு கொடுக்க வைத்தது. சின்னத் தொகைதான், ஆனால் எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு முதல் ஸ்லைடு மாறிவிட்டது. இப்போது வாராவாரம் பாட் சொன்ன பதில்களில் சிலவற்றை எடுத்து, விதிமுறைப் பக்கத்தை அருகில் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுகிறோம். அலுப்பான வேலை. அக்காவின் டீமிலிருந்து இருவர் வருகிறார்கள், எங்களைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

பச்சை எண் இன்னும் இருக்கிறது, மூலையில், சின்னதாக. 24 மணி நேரக் கணக்கைச் சேர்த்த மாதத்தில் அது மடமடவென்று இறங்கியபோது ‘பாட் ஏன் கெட்டுப்போனது’ என்று கேட்டார்கள். பாட் கெடவில்லை, இப்போதுதான் ஒழுங்காக எண்ணுகிறோம் என்று புரியவைக்க இரண்டு கூட்டம் ஆனது. ஒருவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் படித்ததில் ஒன்று. பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்று பாட் சரியாகவே சொல்லியிருந்தது, விதிமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பதிலுக்கு அவர் எழுதியிருந்தது: ‘சரி சரி’. எந்தப் பட்டியலில் போடுவது என்று தெரியவில்லை. அக்காவிடம் காட்டினேன். மேலிருந்து இரண்டு முறை படித்தார்.

“நாளைக்கு போன் வருதான்னு பார்ப்போம், தம்பி.”