கடைசிக் காய் எங்கே விழும்

செப்டம்பர் 14, 2024, சனி

மாடி வீட்டு அம்மையார் இன்று எங்களை விளையாடக் கூப்பிட்டிருந்தார். ஜெர்மனியின் டோர்ட்முண்டில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் படிக்கட்டில் வணக்கம் சொல்வதோடு சரி. பணி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். எங்கள் பதினொரு வயது மகள் அவரை ஓமா என்று கூப்பிடுவாள். ஜெர்மனில் பாட்டிக்கு அப்படித்தான். நானும் ஓமா என்றே எழுதுகிறேன்.

மேசையில் பழைய பெட்டி ஒன்று இருந்தது. 'கட்டான்'. 1995-ல் வெளிவந்த ஆட்டம் என்றார். எனக்குத் தெரிந்த போர்டு கேம் கோடை விடுமுறையில் விளையாடிய 'டிரேட்' மட்டும்தான். நல்ல ஊர்களை முதலில் வாங்கியவர் பணக்காரர், மற்றவர்கள் வாடகை கட்டியே ஓட்டாண்டி. தோற்றவர் பாதியில் எழுந்து போய்விடுவார். ஜெயிக்கப்போவது யாரென்று தெரிந்த பிறகும் ஆட்டம் ஒரு மணி நேரம் இழுக்கும். அந்த நினைப்பில்தான் உட்கார்ந்தேன்.

இது வேறு மாதிரி. 19 அறுகோண அட்டைகளைச் சேர்த்து ஒரு தீவு. காடு, வயல், மேய்ச்சல் நிலம், மலை, களிமண் மேடு, நடுவில் விளையாத பாலை ஒன்று. பாலையைத் தவிர ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். யார் பகடை உருட்டினாலும், அந்த எண்ணின் ஓரத்தில் வீடு கட்டியிருக்கிற எல்லோருக்கும் விளைச்சல் உண்டு. அதனால் அடுத்தவர் முறையிலும் கண் பகடை மேலேயே இருக்கிறது. என்னிடம் ஆடு குவிந்தது, செங்கல் ஒன்றுகூட இல்லை. என் கணவரிடம் செங்கல் இருந்தது, தரமாட்டேன் என்றுவிட்டார். ஓமா இரண்டு ஆடு வாங்கிக்கொண்டு ஒரு செங்கல் தந்தார்.

எண்களுக்குக் கீழே சின்னப் புள்ளிகள். 6-க்கும் 8-க்கும் ஐந்து, 2-க்கும் 12-க்கும் ஒன்று. இரண்டு பகடையில் வரக்கூடிய 36 விதத்தில் 6 வருவது ஐந்து விதம், 12 வருவது ஒரே விதம். அதைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி புள்ளியாக வைத்துவிட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

ஓமாதான் பத்துப் புள்ளி எடுத்து ஜெயித்தார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. பெட்டியின் மேல் புத்தகத்தில் போல ஆசிரியர் பெயர் இருந்தது: கிளவுஸ் டாய்பர். பல் கட்டும் தொழில்நுட்ப வேலை பார்த்துக்கொண்டே ஆட்டங்களை உருவாக்கியவராம். போன வருடம்தான் காலமானார் என்று ஓமா சொன்னபோது, தெரிந்தவர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலிருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

நூலகத்தில் போர்டு கேமும் இரவல் தருகிறார்கள்! ஆறு வருடமாகப் புத்தகம் எடுக்கிறேன், அந்த அலமாரிப் பக்கம் திரும்பியதே இல்லை. சில பெட்டிகளில் சிவப்பு முத்திரை. 1979 முதல் இங்கே கொடுத்துவரும் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதாம். முத்திரை பார்த்து 'கார்க்கஸான்' எடுத்து வந்தோம். 2001-ல் விருது வாங்கியது.

72 சதுர அட்டைகள். ஒன்றை எடு, ஏற்கெனவே இருப்பதோடு பொருத்து, வேண்டுமானால் உன் மர மனிதனை அதன்மேல் நிறுத்து. இந்த மர மனிதனுக்கு மீப்பிள் என்று பெயர். பாதையில் நின்றால் வழிப்பறிக்காரன், கோட்டையில் நின்றால் வீரன், வயலில் படுக்கவைத்தால் உழவன். படுத்த உழவன் கடைசிவரை எழுந்திருக்க முடியாது. ஆனால் ஆட்டம் முடியும்போது அவனுடைய வயலை ஒட்டி முடிந்து நிற்கும் ஒவ்வொரு கோட்டைக்கும் மூன்று புள்ளி. மகள் மூன்று பேரைப் படுக்கவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். கடைசி எண்ணிக்கையில் எங்கள் இருவரையும் தாண்டிப் போனாள்.

அக்டோபர் 3, வியாழன்

விடுமுறை. எசன் நகரத்துக்குப் போனேன், ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. 1983 முதல் இலையுதிர் காலத்தில் அங்கே 'ஷ்பீல்' என்று விளையாட்டுத் திருவிழா நடக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

கண்காட்சி என்றால் கண்ணாடிக்குள் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வருவோம். இங்கே மண்டபம் மண்டபமாக மேசை நாற்காலி. காலி இடம் பார்த்து உட்கார்ந்தால் ஒருவர் வந்து விதி சொல்லிக்கொடுக்கிறார், முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஆட ஆரம்பித்துவிடலாம். பெட்டி பெட்டியாக வாங்கித் தள்ளுவண்டியில் கட்டி இழுத்துப் போகிறார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், எண்பது வயதுத் தம்பதிகள் எல்லோரும் இருந்தார்கள்.

மேசையில் எதிரே இருந்தவர் ஒரு கதை சொன்னார். முன்பெல்லாம் பெட்டியில் கம்பெனி பெயர் மட்டும்தான் இருக்குமாம். 1988-ல் நூரம்பர்க் பொம்மைக் கண்காட்சிக்கு வந்திருந்த, ஆட்டங்களை உருவாக்கும் ஆசிரியர்கள் சிலர், பீர் குவளைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையில் 'பெட்டியின் மேல் எங்கள் பெயர் இல்லையென்றால் எங்கள் ஆட்டத்தைத் தரமாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களாம். டாய்பர் பெயரை நான் ஓமா வீட்டுப் பெட்டியில் படித்தது அதனால்தான்.

பழைய ஆட்டங்கள் விற்கும் கடையில் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 'ஃபைவ் டிரைப்ஸ்', ப்ரூனோ கத்தாலா, 2014. 30 கட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று மீப்பிள். ஒரு கட்டத்தில் இருப்பதையெல்லாம் அள்ளி, அடுத்தடுத்த கட்டங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பல்லாங்குழி! கையில் இருந்த 25 யூரோவைக் கொடுத்து வாங்கிவிட்டேன். இந்த மாதம் அம்மா வருகிறார்.

அக்டோபர் 5, சனி

இரவெல்லாம் விதிப் புத்தகம் படித்தேன். எப்படி ஜெயிப்பது என்பதை முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு பேரிடம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்ததில் இது தெரிந்தது.

நான் வாங்கியது முதல் பதிப்பு. அதில் 'அடிமை' என்று ஒரு சீட்டு வருகிறது. பலரும் ஆட்சேபித்த பிறகு அடுத்த பதிப்புகளில் அதை எடுத்துவிட்டுப் பக்கிரி என்று மாற்றிவிட்டார்கள். சரியான முடிவு. எங்கள் வீட்டிலும் அது பக்கிரிதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று அம்மா வந்து சேர்ந்தார். பெட்டியில் புளி, வடகம், சீடை, மகளுக்குப் பாவாடை. அடியில் துணியில் சுற்றித் தாயக்கட்டையும் ஒரு பை சோழியும். அலமாரியைப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, மளிகைக் கடை மாதிரி டப்பாவா அடுக்கி வெச்சிருக்கே?" என்றார். எல்லாம் விளையாட்டு என்றேன். "பெரியவங்களுக்கா?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

நாளையும் இங்கே விடுமுறை என்பதால் ராத்திரி ஃபைவ் டிரைப்ஸை எடுத்து வைத்தேன். அம்மா, நான், இவர், மகள்.

விதி சொல்லும்போது பாதியிலேயே அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. பல்லாங்குழியில் குழிகள் வரிசையாகச் சுற்றி வரும். இங்கே பக்கத்துக் கட்டம் எதற்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் வந்த வழியே உடனே திரும்பக் கூடாது, குறுக்காகவும் போகக் கூடாது. கடைசிக் காய் விழும் கட்டத்தில் அதே நிறத்தில் இன்னொன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த நிறம் முழுவதையும் நாம் அள்ளிக்கொள்ளலாம். "துடைச்சு எடுக்கிறது இல்லையா? பசு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், சரி, போடு என்றார்.

ஒவ்வொரு சுற்றிலும் யார் முதலில் ஆடுவது என்பதற்கு ஏலம் உண்டு. காசுதான் கடைசியில் புள்ளி, ஆகவே முந்திப் போவதற்கு விலை இருக்கிறது. அம்மா ஏலத்துக்கே வரவில்லை. காசு போடாமல் கடைசியில் நின்றார். எங்கள் மூவருக்கும் நல்ல இடம் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும், அதற்காக அடித்துக்கொள்வோம். அம்மா மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையாமல் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"கடைசிக் காய் எங்க விழும்னு பாத்துட்டுத்தான் முதல் குழியில கையே வெக்கணும்" என்று மகளிடம் சொன்னார். நான் முந்தின சுற்றில் கண்டுபிடிக்காத ஒரு வழியில் நான்கு மஞ்சளை அள்ளினார். மஞ்சள் என்றால் அமைச்சர்கள். நம்மைவிடக் குறைவாக வைத்திருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் பத்துப் புள்ளி. மூன்று பேருக்கும் சேர்த்து முப்பது. முதல் ஆட்டமே அம்மாவுக்கு. இரண்டாவது ஆட்டத்தையும் அவரேதான் கேட்டார். படுக்கும்போது மணி ஒன்று.

நவம்பர் 10, ஞாயிறு

'பாண்டமிக்' ஆடினோம். மேட் லீகாக், 2008. ஓமாவும் வந்திருந்தார். இதில் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது இல்லை. உலக வரைபடத்தில் 48 நகரங்கள், நான்கு நோய்கள். எல்லோரும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து தோற்க வேண்டும்.

2021-ல் பெரியப்பாவை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். அதனால் இது எதைப் பற்றிய ஆட்டம் என்று முன்பே அம்மாவிடம் சொன்னேன். வேண்டாமென்றால் வேறு எடுக்கலாம் என்றேன். சற்று நேரம் படத்தைப் பார்த்தார். "இதுல நம்ம மெட்ராஸ் இருக்கே. போடு, இதுலயாவது காப்பாத்துவோம்" என்றார்.

ஒரு நகரத்தில் நோயைக் குறிக்கும் மூன்று கட்டைகள் இருந்து நான்காவது வைக்க வேண்டி வந்தால், அங்கிருந்து பக்கத்து நகரங்களுக்கெல்லாம் பரவும். கொல்கத்தாவில் வெடித்தது சென்னைக்கு வந்தது. சென்னையில் ஏற்கெனவே மூன்று. அங்கிருந்து மும்பை, டெல்லி, பாங்காக், ஜகார்த்தா. அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

இன்று நான் செய்த தவறு ஒன்று. எல்லோரும் ஒரே அணி என்பதால், விதி தெரிந்தவர் மற்றவர்களுக்கும் முடிவெடுத்துவிட முடியும். ஓமாவுக்கு ஜெர்மனிலும் அம்மாவுக்குத் தமிழிலும், அங்கே போங்கள், இதை எடுங்கள் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் கவனித்தேன், அம்மா என் வாயைப் பார்த்துக் காயை நகர்த்திக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பது மட்டும் என் வேலை என்று வைத்துக்கொண்டேன். எட்டாவது வெடிப்பில் தோற்றோம். அம்மாவும் ஓமாவும் உடனே காய்களைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது முறை சீட்டு தீரக் கொஞ்சம் இருக்கும்போது ஜெயித்தோம். சென்னையில் கடைசிக் கட்டையை அம்மாதான் எடுத்தார்.

நவம்பர் 23, சனி

வேலையிலிருந்து வரும்போது வீட்டில் அம்மா இல்லை. மாடியில் இருந்தார். அவரும் ஓமாவும் மட்டும் 'அசுல்' ஆடிக்கொண்டிருந்தார்கள். மிக்கேல் கீஸ்லிங் செய்தது, 2017-ல் வந்து அடுத்த வருடமே அந்தச் சிவப்பு முத்திரை விருதை வாங்கியது. போர்ச்சுகல் நாட்டுச் சுவர்ப் பதிகற்களை வைத்துச் செய்த ஆட்டம். ஐந்து நிறத்தில் நூறு கற்கள், ஒன்றிலும் எழுத்துக் கிடையாது. ஒரு தட்டிலிருந்து ஒரே நிறத்தை மொத்தமாக எடுக்க வேண்டும். இடமில்லாமல் வழிந்தால் அவ்வளவும் கீழே விழுந்து கழிவுப் புள்ளி.

எங்கள் ஊர் காரைக்குடி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளர்ந்தவர் அம்மா. கற்களைக் கையில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். போனில் ஆத்தங்குடி வீட்டுத் தரைப் படங்களை ஓமாவுக்குக் காட்டியிருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ஓமா ஆடிக் காட்டினாராம், அம்மா பார்த்துக்கொண்டாராம். அம்மா சொல்லிச் சொல்லி, கற்கள் வழியும்போது ஓமாவும் "அய்யய்யோ" என்கிறார்.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று ஆபீஸ் நண்பர்களோடு நான்கு மணி நேர ஆட்டம். ஒருவர் யோசித்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். எல்லாப் பெட்டியும் எல்லோருக்கும் இல்லை. 50, 60 யூரோ கொடுத்து வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்து ஆடிப் பார்ப்பதே நல்லது.

வீட்டில் தாயம் ஆடியபோது அம்மாவோடு வாக்குவாதம். பழம் ஆகப்போகிற மகளின் காயை அம்மா வெட்டிவிட்டார், அவள் முகம் வாடிவிட்டது. புதிய ஆட்டங்களில் யாரையும் இப்படி ஆரம்பத்துக்கே அனுப்புவதில்லையே என்றேன். "வெட்டு இல்லாம என்ன தாயம்? வெட்டு வாங்கினவ அடுத்து வெட்டப் பாக்கணும்" என்றார் அம்மா. யோசித்துப் பார்த்தால், தாயத்தில் வெட்டுப்பட்டவர் மேசையை விட்டு எழுந்து போவதில்லை. தாயம் விழுந்தால் திரும்ப இறங்கலாம். டிரேடில் எனக்குப் பிடிக்காமல் போனது தோற்பது அல்ல, வெளியே உட்காரவைப்பது. மகள் ராத்திரிக்குள் அம்மாவின் இரண்டு காய்களை வெட்டிவிட்டாள்.

டிசம்பர் 28, சனி

அம்மா ஓர் அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஆடு புலி ஆட்டம் வரைந்தார். 23 முனை, மூன்று புலி, 15 ஆடு. புலிக்குச் சோழி, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஓமா புலியாக உட்கார்ந்தார். இரண்டு ஆட்டைத் தாண்டித் தின்றதும் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தார். அம்மா அவசரப்படாமல் ஆடுகளை ஜோடி ஜோடியாக நிறுத்தி, தாண்டிக் குதிக்க இடமில்லாமல் மூன்று புலியையும் கட்டிவிட்டார்.

இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு பலம், வெவ்வேறு நோக்கம். இன்றைக்கு இப்படிப்பட்ட ஆட்டங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஓமா அட்டையைத் திருப்பிப் பார்த்து, இதைச் செய்தவர் யார் என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். "யாருக்குத் தெரியும்? எங்க பாட்டி கோயில் மண்டபத்துக் கல்லுல இருக்கிறதுல விளையாடுவாங்க" என்றார். ஓமா பேனாவை வாங்கி, அட்டையின் மூலையில் அம்மாவின் பெயரையும் தேதியையும் எழுதினார்.

ஜனவரி 11, 2025, சனி

நேற்று வைகுண்ட ஏகாதசி. அம்மா பரமபதத் தாளை விரிக்க, ஓமாவும் பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாம்பு அவரை மூன்று முறை இறக்கியது.

நாளை மதியம் அம்மாவுக்கு விமானம். பெட்டியை எடை பார்த்தோம், ஒரு கிலோ மிச்சம். ஓமா தன்னுடைய அசுலைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி கனம் என்று, கற்களை மட்டும் சோழிப் பையில் போட்டோம். மகள் நூறும் எண்ணி முடிச்சுப் போட்டாள். பலகைகளை அம்மா புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

ஃபைவ் டிரைப்ஸ் கடைசி ஆட்டம் பாதியில் நிற்கிறது. இப்போது அம்மாவின் முறை. தூக்கம் வருகிறது, காலையில் ஆடுகிறேன் என்று போய்ப் படுத்துவிட்டார். மேசையைக் கலைக்கவில்லை, மேலே துண்டு போட்டு மூடியிருக்கிறேன். தூக்கிப் பார்த்தேன், ஐந்து மஞ்சள் அள்ளுகிற வழி ஒன்று இருக்கிறது. அவர் அதைப் பார்த்திருப்பார்.