கார்னர் இல்லாமல் கோப்பை ஏது?

சேலத்துக் கல்லூரிக் கபடியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று டீக்கடையில் நடக்கும் சண்டைக்கு ஆடுகளத்தில் தீர்ப்புக் கிடைப்பது அபூர்வம். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் பக்கம் பக்கம்தான். ஆனால் பொறியியல் அணி ஆடுவது அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குள். ஊருக்குள் இருக்கும் அரசு கலைக் கல்லூரி ஆடுவது பெரியார் பல்கலைக்கழகப் போட்டியில், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளோடு. இரண்டு பக்கமும் நேருக்கு நேர் மோத முதலமைச்சர் கோப்பையின் மாவட்டச் சுற்று வேண்டும், இல்லையென்றால் யாராவது அழைப்புப் போட்டி வைக்க வேண்டும். அந்த ஒரு ஆட்டத்துக்கு வருடம் முழுக்கக் கோபம் சேர்ந்து நிற்கிறது.

அந்த ஆட்டம் மே, ஜூனில் ஆள் எடுக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. நம் கல்லூரிகள் அங்கேதான் கோட்டை விடுகின்றன. ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்க மின்னொளிப் போட்டிகளில் பெயர் எடுத்த ரெய்டர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன், வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது. அதே ஊர் அணியில் கணுக்காலைப் பிடித்தால் விடாத கார்னர் பையன், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவன், விண்ணப்பம் வாங்க வரிசையில் நிற்கிறான். பிளெக்ஸில் யார் முகம் பெரிதாக இருக்கிறது என்று பார்த்து ஆள் எடுப்பது தேர்வே கிடையாது.

ஊர் நட்சத்திரங்களில் பலர் போனஸில் பிழைப்பவர்கள். போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர், அதைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் அந்தப் புள்ளி செல்லும். ஐந்தாகக் குறைந்துவிட்டால் ஆளைத் தொட்டாக வேண்டும். பெயர் பெற்றவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். அதனால் செலக்‌ஷனில் ரெய்டருக்கு எதிரே ஐந்து பேரை மட்டும் நிறுத்துங்கள். அரை நிமிட இடைவெளியில் மூன்று ரெய்டு, மூன்றாவது டூ ஆர் டை, அதாவது புள்ளி எடுக்காவிட்டால் அவுட். 30 விநாடியும் பாட்டு நடுவர் காதில் விழுகிறதா, 3.75 மீட்டரில் உள்ள, ரெய்டர் தாண்டியாக வேண்டிய பால்க் கோட்டைத் தாண்டுகிறானா, தொட்ட பிறகு எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறான் என்று பாருங்கள். ஒரே காலில் மட்டும் திரும்புகிறவனை நல்ல அணி பத்து நிமிடத்தில் படித்துவிடும்.

கார்னரைச் சோதிக்க இன்னும் பொறுமை வேண்டும். பத்து ரெய்டு அனுப்புங்கள். எத்தனை பிடித்தான் என்பதை அடுத்துப் பார்க்கலாம். ரெய்டரின் கால் தரையில் இறங்குவதற்கு முன்பே எத்தனை முறை பாய்ந்தான் என்பதை முதலில் எண்ணுங்கள். அவசரக் கார்னர் தன் புள்ளியை இழப்பதோடு, செயினில் கை கோத்து, தனக்கு உட்பக்கம் நிற்கும் கவர் ஆட்டக்காரரையும் இழுத்துக்கொண்டு வெளியே போவான். பத்தில் மூன்று முறைக்கு மேல் முந்தினால் நான் எடுக்க மாட்டேன், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், கணக்கு அப்படி. உங்கள் பக்கம் மூன்று பேர் மிச்சம் என்று வையுங்கள். எதிரணி மூன்று பேரையும் எடுத்தால் மூன்று புள்ளி, ஆல் அவுட்டுக்கு இன்னும் இரண்டு, மொத்தம் ஐந்து. அந்த நேரத்தில் ஒரு பிடி விழுந்தால் சூப்பர் டேக்கிள், உங்களுக்கு இரண்டு புள்ளி. உள்ளே திரும்பி வருவது ஒருவர்தான், ஆனாலும் ஐந்து புள்ளிச் சரிவு அங்கே நிற்கிறது. இரண்டு கார்னரும் ஒரு நல்ல கவரும் உள்ள அணி மூன்று பேரோடு நிற்கும்போதும் உயிரோடு இருக்கும். நான்கு ரெய்டர்களை வைத்துக் கட்டிய அணி அந்த இடத்தில் செத்துவிடும்.

ஆள் எடுத்த பிறகு செய்யும் தவறு மேட்டில், அதாவது களத்தில் போடும் செயற்கை விரிப்பில். மண்ணில் திரும்பும்போது பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்ப, முறுக்கு முழுவதும் முட்டிக்குப் போகும். வந்த முதல் வாரமே முழு வேகத்தில் ஆட விட்டு முட்டித் தசைநார் கிழிந்த பிறகு பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் இரண்டு வாரம் ஷூ போட்டுக் குறுகிய திருப்பங்கள் மட்டும், பிறகு அரை வேக ரெய்டு, அதற்குப் பிறகுதான் பிடி. 13-க்கு 10 மீட்டர் களத்துக்கு ஒரு மீட்டர் சதுர மேட் 130 வேண்டும். இணைப்புப் பல் தேய்ந்த துண்டுகளை நடுவில் போடாதீர்கள். கால் விரல் அங்கேதான் மாட்டும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓட விடும் ஆசை பலருக்கு உண்டு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவது நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கான பயிற்சி. கபடிக்கு 30 விநாடி வெடிப்பு வேண்டும். முதல் வளைவுக்குக் கீழே ஏற்றத்தில் 20 விநாடி ஓட்டம், நடந்து இறங்குதல், எட்டு முறை. ஓடி இறங்கவே கூடாது, முட்டி தாங்காது.

எடை விஷயம் சுருக்கமாக. ஆண்கள் 85 கிலோவுக்குள், பெண்கள் 75-க்குள் இருக்க வேண்டும். முந்தின நாள் தண்ணீரை நிறுத்தி மூன்று கிலோ குறைப்பவனுக்கு இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் இழுக்கும். மூன்று வாரம் முன்பிருந்தே எடை பாருங்கள்.

இனி தம்பி, தங்கைகளுக்கு. ஊர்க் கோப்பையும் பரிசுப் பணமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் எண்ணப்படாது. பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, தேசியப் பள்ளி விளையாட்டுச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொறியியலில் மாநிலம் முழுக்க விளையாட்டுக்கு 500 இடம்தான், எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஜூலை 1 அன்று வயது 25-க்குள் இருக்க வேண்டும்.

"எல்லாம் இலவசம் கண்ணு" என்று சொல்லும் கல்லூரியிடம் நான்கு கேள்வி கேளுங்கள். விடுதிக் கட்டணத்தோடு மெஸ் கட்டணமும் சேர்ந்ததா? தேர்வுக் கட்டணம்? முட்டி போனால் சிகிச்சைச் செலவு யாருடையது, சீட்டு அடுத்த வருடமும் உண்டா? போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி., அதாவது வகுப்புக்கு வந்ததாக வருகைப் பதிவு, உண்டா? பதில் கல்லூரித் தலைப்பிட்ட தாளில், முதல்வர் கையெழுத்தோடு வரட்டும். பி.டி. சாரின் வாய்ச்சொல் அவர் வேறு கல்லூரிக்குப் போகும் நாள் வரைதான்.

அடுத்த கல்லூரி இழுத்துவிடும் என்ற பயத்தில் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அப்படி வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்துவிட்டது. நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் அங்கேயே கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.