பட்டுக்கூட்டுல ஆரம்பிச்சா பாலிமர் புரியுது

எம்எஸ்சி பசங்களுக்கு ஆர்கானிக்கும் நான்தான், பாலிமரும் (சின்ன மூலக்கூறுங்க கோத்து வர்ற நீளச் சங்கிலி) நான்தான், ரெண்டும் தனித்தனி பேப்பரா இருக்கறதுதான் பெரிய தொல்லைன்னு எனக்கு ரொம்ப நாளாவே தோணுது. ஆர்கானிக்ல, அமீனோட நைட்ரஜன் ஆசிட் குளோரைடோட கார்பனைல் (C=O) கார்பனைத் தாக்கறதுக்கு, எலக்ட்ரான் எங்க இருந்து எங்க போகுதுன்னு அம்புக்குறி போடுன்னா அழகா போடுவாங்க. அதே வினை பாலிமர் பேப்பர்ல நைலான்னு வந்தா போதும், கண்டென்சேஷன் பாலிமரைசேஷன் (சின்ன மூலக்கூறு ஒண்ணு வெளியேற சங்கிலி நீள்றது) டெஃபனிஷன மனப்பாடமா எழுதி வெச்சுடுவாங்க, அம்புக்குறி ஒண்ணு இருக்காது. ரெண்டும் ஒண்ணுதாம்பா!

அதனால இப்பல்லாம் வகைப்பாடு, டெஃபனிஷன்னு ஆரம்பிக்கறதில்ல, பட்டுல ஆரம்பிக்கறேன். நம்ம தர்மபுரியில பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துல இருந்து வர்ற பசங்க நிறைய பேர் வீட்ல மல்பெரி இருக்கும், புழு ஷெட் இருக்கும், கூட்டை அங்காடிக்குக் கொண்டு போய்ப் போட்ட அனுபவமும் இருக்கும். கூட்டை வெந்நீர்ல போட்டாதான் நூல் பிரியும்னு அவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. ஏன் பிரியுதுன்னு மட்டும் கேப்பேன். மேல பசையா இருக்கற செரிசின்ங்கற புரதத்துல செரின்ங்கற அமினோ அமிலம் நிறைய, செரின்ல ஓஹெச் குரூப் இருக்கு, அது தண்ணியோட சேரும், வெந்நீர்ல இளகிடும். உள்ள நூலா இருக்கற ஃபைப்ராயின் புரதம் அப்படி இல்ல, அதுல பெரும்பாலும் கிளைசின், அலனின்ங்கற அமினோ அமிலங்கதான், பக்கக் குரூப் ரொம்ப சின்னது, அதனால சங்கிலிங்க நெருங்கிப் படுத்து ஒண்ணோட என்ஹெச்சும் இன்னொண்ணோட கார்பனைலும் ஹைட்ரஜன் பாண்ட் போட்டுக்குது, அந்த நெருக்கமான பகுதிக்குள்ள தண்ணி நுழைய இடமே கிடைக்காது, வெந்நீர்லயும் கரையாது.

இதுக்கு அப்புறம் நைலான் 66 (ரெண்டு மூலப்பொருள்லயும் ஆறாறு கார்பன், அதான் 66) தானா வந்துடும். டூபாண்ட்ல கரோதர்ஸ் குழு 1935ல பண்ணுனது, பட்டு ஸ்டாக்கிங்ஸ் இடத்தைப் பிடிச்சதும் இதுதான், உள்ள இருக்கறதும் பட்டுல அமினோ அமிலங்களைக் கோக்கற அதே அமைடு பாண்ட் (கார்பனைலும் என்ஹெச்சும் சேர்ந்தது). லேப்ல ஹெக்சாமெத்திலீன் டைஅமீனைத் தண்ணில கரைச்சு, அது மேல ஹெக்சேன்ல கரைச்ச அடிப்பாயில் குளோரைடை, அதாவது அந்த ஆசிட் குளோரைடை, மெதுவா ஊத்தி (ஃபியூம் ஹுட்குள்ளதான், கிளவுஸ் போட்டுட்டுதான்) நடுவுல உருவாகற படலத்தைப் பிடிச்சு இழுத்தா நூலா வந்துட்டே இருக்கும். எல்லாரும் போட்டோ எடுக்கறப்ப நான் கேக்கறது, தண்ணில எதுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு போட்டோம்? வெளிய வர்ற ஹெச்சிஎல் அமீனை உப்பாக்கிடும், அப்புறம் நைட்ரஜன்கிட்ட தாக்கறதுக்கு லோன் பேர் (பிணைப்புல சேராத எலக்ட்ரான் ஜோடி) ஏது? அந்த ஹெச்சிஎல்லைப் பிடிக்கத்தான் அது. இந்த ஒரு கேள்வியில ஆர்கானிக் பேப்பர் முழுசா உள்ள வந்துடும்.

ஒரு பொண்ணு கேட்டா, "மேடம், நைலான் 265 டிகிரி கிட்ட உருகுது, பட்டு மட்டும் ஏன் உருகாம கருகுது?" அருமையான கேள்வி. பட்டுல ஒரு அமைடுக்கும் அடுத்த அமைடுக்கும் நடுவுல ஒரே ஒரு கார்பன், நைலான் 66ல நாலு, ஆறுன்னு சிஹெச்2 வரிசை. பட்டுல ஹைட்ரஜன் பாண்ட் அவ்வளவு அடர்த்தி, சங்கிலிங்க ஒண்ணை விட்டு ஒண்ணு பிரியறதுக்கு முன்னாடி சங்கிலியே உடைஞ்சுடும்.

அதை வெச்சே அடுத்த இன்டர்னல்ல கேட்டேன், நைலான் 6, 66, 610 மூணுல எது தண்ணிய கம்மியா உறிஞ்சும், ஏன்? டெஃபனிஷன் எழுதித் தப்பிக்க முடியாத கேள்வி. தண்ணிய இழுக்கறது அமைடுதான்னு புரிஞ்சு, சிஹெச்2 எண்ணிப் பார்த்து, அமைடு தள்ளித் தள்ளி இருக்கறதால 610தான்னு காரணத்தோட எழுதுனவங்களுக்கு முழு மார்க் போட்டேன், இங்கிலீஷ்ல கிராமர் தப்பா இருந்தாலும் சரி.