கேரிக்கும் கிரேஸுக்கும் நடுவில்

அமெரிக்காவின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்த்து டைப் அடிப்பதுதான் அப்போது என் வேலை. சென்னையில் ஒரு டேட்டா என்ட்ரி அலுவலகம், நைட் ஷிப்ட். ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். ஒத்துப்போகாத இடத்தை மூன்றாவது ஆள் பார்ப்பார். முதல் வாரமே என் மானம் போயிற்று. அப்பாவின் குடும்பப் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, கீழே பிள்ளைகளுக்கெல்லாம் டிட்டோ என்பதைச் சுருக்கி 'டி, ஓ' என்று இரண்டெழுத்து போட்டிருந்தார்கள். நான் அதையே குடும்பப் பெயராக அடித்து, 'டூ' என்றொரு வம்சத்தையே உண்டாக்கிவிட்டேன்.

1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். 1850இல் அடிமைகள் அல்லாத எல்லோருக்கும் பெயர் வந்தது. தலைவருக்கு யார் என்ன உறவு என்பதை 1880இல்தான் எழுதத் தொடங்கினார்கள். அதனால் முந்தைய தாள்களில் ஒரே வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் உடன்பிறந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பழகுவதற்காக ஓய்வு நேரத்தில் இங்கல்ஸ் குடும்பத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வீட்டு லாரா பின்னாளில் எழுத்தாளராகிப் புகழ்பெற்றதால் தேதிகளெல்லாம் தெளிவாகக் கிடைக்கும். விஸ்கான்சினில் சார்லஸ் இங்கல்ஸ் 1860இல் கரோலின் குவைனரைக் கட்டினார். சார்லஸின் தங்கை பாலி வாழ்க்கைப்பட்டது கரோலினின் அண்ணன் ஹென்றிக்கு. சார்லஸின் அண்ணன் பீட்டர் கட்டியது கரோலினின் தங்கை எலைசாவை. "பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்திருக்காங்க, நம்ம ஊரு சம்பந்தம்தான்" என்று பக்கத்து சீட் அக்கா சிரித்தார். லாராவுக்கு எலைசா சித்தியா, பெரியம்மாவா என்று டீ நேரம் முழுக்க ஒரு பட்டிமன்றமே நடந்தது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே இல்லை, எல்லோரும் ஆன்ட்டிதான்.

அப்புறம்தான் பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளை வரிசையாக எழுதினேன். மேரி 1865, லாரா 1867, கேரி 1870, கிரேஸ் 1877. கடைசி இருவருக்கும் நடுவில் ஏழு வருடம். இப்படி இடைவெளி கண்டால் நின்று பார்க்க வேண்டும் என்று சீனியர் ஒருவர் சொல்லியிருந்தார். பார்த்தால், 1875 நவம்பரில் ஒரு பையன் பிறந்திருக்கிறான். சார்லஸ் ஃபிரெடரிக். 1876 ஆகஸ்டில், ஒன்பது மாதக் குழந்தையாகவே போய்விட்டான்.

1870 கணக்கெடுப்பின்போது அவன் பிறக்கவில்லை. 1880இல் உயிரோடு இல்லை. அப்போது அவர்கள் குடியிருந்த மின்னசோட்டா மாநிலம் 1875இல் தனியாக எடுத்த கணக்கும் அவன் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. 1880இல் இறப்புக்கென்று தனித்தாள் உண்டு, ஆனால் அது முந்தைய பன்னிரண்டு மாதச் சாவுகளுக்கு மட்டும். அவ்வளவு தாள் இருந்தும் அவனுக்கு ஒரு வரி இல்லை.

அடுத்த மாதம் 1900 தாள்கள் வந்தன. அதில் பெண்களுக்கென்று அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள்: எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஒன்பது, ஐந்து. ஏழு, ஏழு. நான்கு, ஒன்று. எண்கள்தானே, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். ஆனால் இரண்டும் ஒத்துப்போகாத வரிகளில் என் கை கொஞ்சம் நின்றது. அந்த வாரம் வேகம் ஏன் குறைந்தது என்று டீம் லீடர் கேட்டபோது, கையெழுத்து சரியில்லை சார் என்று சொல்லிவிட்டேன்.