தலையில் அடிபட்ட பிள்ளையை மறுபடி ஆட விடும் முன்

கிரிக்கெட்டோ கபடியோ, அடி வாங்கிய பிள்ளை "ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்" என்றுதான் சொல்லும். நம்பி உள்ளே அனுப்பாதீர்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்துபோவதுதான் கன்கஷன்; அதில் பெரும்பாலோர் மயங்கி விழுவதே இல்லை. "கடைசியா யார் ரன் அடிச்சது? போன வாரம் யாரோட ஆடினோம்?" என்று கேளுங்கள். தடுமாறினாலோ, தலைவலி, குமட்டல், கண் மங்கல் என்றாலோ அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. சென்னையில் இதையெல்லாம் வெயில் மயக்கம் என்று நினைத்து குளுக்கோஸ் கொடுத்து உட்கார வைப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், வலிப்பு, கழுத்து வலி, எழுப்பவே முடியாத தூக்கம் என்றால் உடனே 108. ஸ்கேன் நார்மல் என்று வந்ததும் வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிடி ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷன் அதில் தெரியாது.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. ஆனால் இருட்டறையில் படுக்க வைக்க வேண்டியதில்லை; வீட்டுக்குள் நடக்கட்டும், செல்போனை மட்டும் குறையுங்கள். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு தூங்கவும் விடலாம்.

அப்புறம்தான் படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நடையில் தொடங்கி, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளுக்குப் போகலாம். 14 வயதுப் பிள்ளைக்கு உச்ச நாடித்துடிப்பு சுமார் 206 (220-இல் வயதைக் கழித்தால் வருவது). முதலில் அதில் 55 சதவீதம், அதாவது 113 வரை. அடுத்து 70 சதவீதம், 144 வரை. இதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் செய்தால், வந்த தலைவலி எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. தலைவலி லேசாகக் கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் நிறுத்தி, மறுநாள் பாருங்கள்.

பிறகு தனியாக ஓட்டம், கேட்ச். ஓடி முடித்த பிறகும் எந்தத் தொந்தரவும் இல்லை என்றான பிறகே அணியோடு மோதல் இல்லாத பயிற்சி. நெட்டில் வேகப்பந்தை எதிர்கொள்ளவும், கபடியில் பிடிபடவும் டாக்டர் அனுமதி வேண்டும். அதற்குள் பள்ளியில் முழு நாளும் சிரமமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதெல்லாம் நான்கு வாரம்கூட ஆகலாம்.

செலக்ஷன் நெருங்குகிறது என்று பெற்றோர் அவசரப்படுத்துவார்கள். ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, அரிதாகவே என்றாலும், மூளையை வீங்க வைத்து உயிரையே வாங்கிவிடும். 2019 ஆகஸ்டிலிருந்து சர்வதேச கிரிக்கெட்டிலேயே கன்கஷனுக்கு மாற்று வீரரை இறக்க விடுகிறார்கள். பிள்ளைக்கு ஒரு போட்டி போனால் போகட்டும்.

அடி வாங்கிய ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள், வெளியே கீறல் இல்லாவிட்டாலும்.